பேச்சைத் திரட்டிய பள்ளியாசிரியர்

ஜேர்மனியின் வடபால், போல்ற்றிக் கடலை அடுத்துக் கிடப்பது மெக்லென்பேர்க் நாடு. அந்நாட்டிலே வாறென் என்னும் ஏரிக்கரைப் பட்டினத்துப் பள்ளியில், 1886ஆம் ஆண்டு முதலாக முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராய் இருந்தவர் றிச்சாட் வொசிட்லோ. அவர் துறைபோகக் கற்றவை இலத்தீனும் கிரேக்கமும். ஆயினும் அவர் புகழ் நிலைத்தது, அவர்காலத்துப் பள்ளிகள் மதியாது விட்ட ஒரு மொழியினாலாகும்.

அம்மொழி தாழ் ஜேர்மன். 'தாழ்' என்னும் அடை, தாழ்ந்து கிடக்கும் வடசமவெளியைக் குறித்ததேயன்றி, மொழியின் தரத்தைக் குறித்ததன்று. நீரை உயர் ஜேர்மனில் 'வாசர்' என்பர். மெக்லென்பேர்க் உழவர் 'வாட்டர்' என்பர். இடைக்காலத்திலே வடகடல் வணிகர் தம் கடிதங்களையும் உடன்படிக்கைகளையும் எழுதிய மொழி இதுவே. 16ஆம் நூற்றாண்டின் பின்னர், அரசும் திருச்சபையும் பள்ளியும் உயர் ஜேர்மனைக் கைக்கொள்ளவே, தாழ் ஜேர்மன் ஏட்டில் அருகி, வயலிலும் அடுப்படியிலும் வாழ்ந்தது.

அங்கே அதனைத் தேடிச் செல்வது எளிதன்று. மெக்லென்பேர்க் பெரும் பண்ணைகள் மலிந்த நாடு. பண்ணையடிமை முறை 1820இல் ஒழிக்கப்பட்டதாயினும், கற்றோர் முன்னிலையில் வாய் திறக்கக் கூலியாட்கள் தயங்கினர். தம் கதைகளையும் நம்பிக்கைகளையும் அவர்கள் எள்ளி நகையாடுவர் என ஐயுற்றனர். வொசிட்லோவோ 1859இல் ஒரு பண்ணையிலே பிறந்தவர். அம்மக்களின் பேச்சை இளமையிலேயே அறிந்தவர். எனவே அவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசினார். தாம் அறிந்த விடுகதையையோ கதையையோ முதலிற் சொல்வார். கேட்டவர் நாவும் மெல்ல நெகிழும்.

விடுமுறை தோறும் ஊர் ஊராகச் சென்று, இடையர், மீனவர், மாலுமிகள், முதிய வேலைக்காரிகள் ஆகியோரிடம் கேட்டவற்றைச் சிறு சிறு தாள்களிலே குறித்தார். சொல்லை மாத்திரம் பெயர்த்தெடுத்து எழுதினாரல்லர். அது வழங்கிய வாக்கியத்தையும் ஊரையும் உடன் குறித்தார். பயிரின் வேரோடு மண்ணையும் சேர்த்தெடுப்பது போன்ற செயல் இது. நாடெங்குமிருந்து ஆசிரியர் பலரும் பிறரும் அவருக்குக் குறிப்புகள் அனுப்பினர். இவ்வாறு பெருகிய தாள்கள் சுமார் 20 இலட்சம் என்பர்.

இச்செல்வத்திலிருந்து 1897இல் விடுகதைத் தொகுதியும், 1899இல் மக்கள் வாய்மொழியில் விலங்குகள் இடம்பெறும் தொகுதியும் வெளிவந்தன. உழவர் வீட்டு உடைகளையும் கருவிகளையும்கூட அவர் திரட்டினார்; சொல் குறிக்கும் பொருள் மறையுமாயின் சொல்லும் விரைவில் மறையும் அன்றோ?

மெக்லென்பேர்க் அகராதியைப் பேராசிரியர் ஹேர்மன் தொய்கேட்டுடன் சேர்ந்து 1937இல் வெளியிடத் தொடங்கினார். இரண்டாண்டுகளில், 1939இல், வொசிட்லோ காலமானார். உலகப்போரையும் நாட்டுப் பிரிவினையையும் கடந்து பிறர் தொடர்ந்த அப்பணி, ஏழு தொகுதிகளாய் 1992இலேயே நிறைவெய்தியது.

அவருடைய தாள்கள் இன்று றொஸ்ரொக் பல்கலைக்கழகத்திலே பேணப்படுகின்றன. பண்ணையில் உழைத்து மறைந்த எத்தனையோ பேர் ஒரு வரியேனும் எழுதி வைத்தாரல்லர். ஆயினும் அவர்கள் சொன்ன சொல், சொன்ன ஊரின் பெயரோடு அங்கே இருக்கின்றது. பொறுமையோடு கேட்ட ஓர் ஆசிரியர் அவர்களுக்கு ஈந்த வரலாறு அது.