கடைசி பிட்டின் விலை: கணிதச் சார்பு நூலகங்களில் வேகமும் துல்லியமும்

10²² ரேடியனின் சைன் மதிப்பு என்ன? −0.8522008497671888 என்று விடை வரவேண்டும். 1990-களில் இந்தக் கேள்விக்குச் சில இயந்திரங்கள் சுழியம் என்றன. சில வேறெதோ இலக்கங்களைத் தந்தன. சில, கோணம் மிகப் பெரிது என்று ஒதுங்கிக்கொண்டன. 10²² என்ற எண்ணை 64 பிட் மிதவைப் புள்ளி வடிவில் அப்படியே, துளியும் குறையாமல் எழுதமுடியும். ஆகவே எண்ணைச் சேமித்ததில் குறை இல்லை.

குறை, சைனைக் கணிப்பதற்கு முந்திய படியில் இருந்தது. பெரிய கோணத்திலிருந்து முழுச் சுற்றுகளை நீக்கி மீதியை முதலில் காணவேண்டும். 10²² ரேடியனில் ஏறத்தாழ 1.59 × 10²¹ சுற்றுகள் உள்ளன. π-ஐ 16 இலக்கத்தில் நிறுத்திக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் சேரும் நுண்பிழை பெருகி மீதியையே விழுங்கிவிடும். மேரி பெயின், ராபர்ட் ஹானெக் இருவரும் 1983-இல் இதற்கு வழி கண்டார்கள். 2/π-இன் மதிப்பை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிட்களுக்குச் சேமித்து வைத்துக்கொள்வது. கொடுத்த கோணத்துக்குத் தேவையான துண்டை மட்டும் எடுத்துப் பெருக்குவது. துல்லியம் முழுமையானது, வேலையோ சிறிதே கூடியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1993-இல் இலவசமாக வெளியிட்ட எஃப்டிலிப்எம் நூலகத்தின் வழியே இந்த முறை பரவலாயிற்று.

வேகம் வேண்டுமானால் துல்லியத்தை விட்டுக்கொடுக்கவேண்டும் என்பது நிரலாளரிடையே வேரூன்றிய எண்ணம். நூலகங்களின் வரலாற்றைப் பார்த்தால் அது பாதி உண்மைதான். துல்லியத்துக்கென்று செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதி, கணக்கு எந்த இடத்தில் கடினமாகும் என்று தெரியாததால் செலவானது.

தொடக்ககாலத்தில் நினைவகமே பெரிய நெருக்கடி. 1955-இல் செசில் ஹேஸ்டிங்ஸ் வெளியிட்ட நூல், சிறிய பல்லுறுப்புக் கோவைகளால் சார்புகளைத் தோராயமாகக் கணிக்கும் கலையைக் கற்றுத்தந்தது. டெய்லர் தொடர் ஒரு புள்ளியருகே மிக நன்றாகவும் விலகிச் செல்லச் செல்ல மோசமாகவும் இருக்கும். ஹேஸ்டிங்ஸின் கோவைகளோ பிழையை இடைவெளி முழுவதும் சமமாகப் பரப்பின. கோடி, வெயிட் இருவரின் 1980-ஆம் ஆண்டுக் கையேடு இவ்வகை அனுபவத்தை எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும்படி தொகுத்தது.

வன்பொருளிடம் விட்டால் வேகமும் துல்லியமும் சேர்ந்து கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. இன்டெல் சில்லுகளின் சைன் கட்டளைக்குள் π-இன் மதிப்பு 66 பிட்களோடு நின்றது. π-க்கு மிக நெருங்கிய 64 பிட் எண்ணைக் கொடுத்தால் 1.22464679… × 10⁻¹⁶ வரவேண்டிய இடத்தில் 1.22460635… × 10⁻¹⁶ வந்தது. தசமப் புள்ளிக்குப் பின் ஐந்தாம் இலக்கத்திலேயே சறுக்கல். பிழை கடைசி இலக்கத்தில் ஓரலகுக்குள் அடங்கும் என்று கையேடு பல ஆண்டுகள் சொல்லிவந்தது. 2014-இல் நிரலாளர் புரூஸ் டாசன் இதைப் பொதுவில் எழுதிய பிறகே அது திருத்தப்பட்டது. ஜாவா இந்தக் கட்டளையை அப்படியே நம்பவில்லை. சிறிய கோணங்களைத் தாண்டினால் மென்பொருளிலேயே சுருக்கிக் கணித்தது. அதனால் ஜாவா மெதுவானது என்ற பெயரையும் சுமந்தது. அந்தத் தாமதம் நேர்மையின் விளைவு என்றே நான் கருதுகிறேன்.

எல்லாவற்றிலும் கடினமானது கடைசி பிட். மடக்கைப் புத்தகம் புரட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நான்கு இலக்க அட்டவணை தயாரிப்பவருக்கு ஒரு மதிப்பு 0.47355000… என்று நீள்வதாக வைத்துக்கொள்வோம். 0.4735 என்று முழுதாக்குவதா, 0.4736 என்று முழுதாக்குவதா? அடுத்து வரும் சுழியங்கள் முடிந்து வேறோர் இலக்கம் தலைகாட்டும்வரை கணக்கிட்டுக்கொண்டே போகவேண்டும். எத்தனை இலக்கம் வரை என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. வில்லியம் கஹான் இதை அட்டவணைக்காரரின் இக்கட்டு என்றார். 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை நான்கு அடிப்படைச் செயல்களுக்கும் வர்க்கமூலத்துக்கும் மிகச்சரியான முழுதாக்கலைக் கட்டாயமாக்கிவிட்டு, சைன், மடக்கை போன்றவற்றைத் தொடாமல் விட்டதற்கு இந்த இக்கட்டே காரணம்.

ஐபிஎம்மின் ஆபிரகாம் சிவ் 1991-இல் ஒரு வழி சொன்னார். முதலில் விரைவாகக் கணி; முழுதாக்கலில் ஐயம் இருந்தால் மட்டும் துல்லியத்தைக் கூட்டி மறுபடி கணி. அவர் வழியில் எழுதப்பட்ட நூலகம் குனு சி நூலகத்துக்குள் வந்தது. கடினமான எண்ணின் எல்லை தெரியாததால், கடைசிக் கட்டம் 768 பிட்கள் வரை போனது. வழக்கமாக நொடிப்பொழுதில் முடியும் அழைப்பு, துரதிருஷ்டமான ஓர் எண்ணில் ஆயிரம் மடங்கு தாமதித்தது. 2018-இல் 2.28 பதிப்பு வந்தபோது இந்த நீண்ட பாதைகளில் பல வெட்டப்பட்டன. வேகம் வந்தது, மிகச்சரியான முழுதாக்கல் என்ற உறுதி போயிற்று.

இதற்கான மருந்து அதற்கு வெகுமுன்பே பிரான்சின் லியோனில் தயாராகியிருந்தது. வின்சென்ட் லெஃபெவ்ரும் ழான்-மிஷேல் முல்லரும் 64 பிட் எண்களில் மிகக் கடினமானவை எவை என்று சார்பு சார்பாகத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான சார்புகளுக்குச் சுமார் 120 பிட்களே போதும் என்று தெரிந்தது. 768 எங்கே, 120 எங்கே! அந்த அறிவின்மேல் எழுந்ததுதான் சிஆர்லிப்எம் நூலகம். பின்னர் போல் சிம்மர்மன் குழுவினரின் கோர்-மேத் திட்டம், மிகச்சரியான விடையைத் தரும் நிரல்கள் வழக்கமான நூலகங்களோடு வேகத்திலும் போட்டியிட முடியும் என்று காட்டியது. 32 பிட் எண்கள் மொத்தமே 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வடிவங்கள். ஒரு மாறிச் சார்புகளை ஒவ்வோர் எண்ணுக்கும் ஓட்டிச் சரிபார்க்க இயலும். 2025-இல் வெளியான குனு சி நூலகத்தின் 2.41 பதிப்பு, 32 பிட் சார்புகள் பலவற்றுக்குக் கோர்-மேத் நிரல்களையே ஏற்றுக்கொண்டது.

64 பிட்டில் அடுக்குச் சார்பு இன்னும் முழுதாக வசப்படவில்லை. அதற்கு அடிமானம், அடுக்கு என்று இரு மாறிகள், சோடிகளோ 2¹²⁸. கடினமான சோடி அவற்றுள் எங்கே இருக்கிறது என்ற தேடல் தொடர்கிறது.