ஊவாத் தோட்டங்களின் கோழிக்கறி: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் தேயிலை, கூலி, சட்டம் ஆகிய மூன்றையுமே பெரிதும் சான்றாகக் கொண்டனர். இவை ஆள்வோரின் ஏடுகளிற் பதிந்தவை. தொழிலாளர் தாமே உருவாக்கிய அடுக்களையோ ஆய்வாளர் கண்ணிற் படுவது அரிது. பதுளை மாவட்டத் தோட்டங்களில் நாட்டுக்கோழி சமைக்கப்படும் முறையைக் கொண்டு அவ்வரலாற்றின் ஒரு கூற்றை ஈண்டு நோக்குவோம்.

முதலிற் கோப்பிக்கும், 1869இல் தோன்றிய இலைநோயால் அப்பயிர் நலிந்தபின் தேயிலைக்குமாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் பசறை, மடுல்சீமை, அப்புத்தளை மலைகளை அடைந்தனர். புகையிரதம் பண்டாரவளையை 1894இலும் பதுளையை 1924இலும் எட்டியது. முன்னையோர் மலைவழியை நடந்தே கடந்தனர். தோட்ட நிருவாகம் அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அந்நாட்டு அரிசி வரவு தடைப்பட்டபோது கோதுமை மாவின் பயன்பாடு பெருகியது. ரொட்டி மலையகத்தாரின் அன்றாட உணவாக நிலைத்தது.

அன்றாட உணவைப் பிறர் முடிவு செய்தனர். கோழியின் நிலை வேறு. அது லயத்தின் பின்புறத்திற் குடும்பத்தார் வளர்த்தது. எந்தப் பங்கீட்டு ஏட்டிலும் ஏறாதது. தீபாவளிக்கும், முனியாண்டி, ரோதைமுனி முதலிய தெய்வங்களுக்கு இடும் பலிக்கும், விருந்தினர் வரவுக்குமே அது அறுக்கப்பட்டது. தேயிலை ஆலையின் சுழலும் ரோதைக்கே ஒரு முனியைக் கண்டு சேவலைப் படைத்த மக்கள், அச்சேவலைக் கறியாக்கிப் பகிர்ந்துண்டனர்.

சமைக்கும் முறை பொறுமையை வேண்டுவது. மல்லி, மிளகு, சீரகம், செத்தல்மிளகாய் ஆகியவற்றை வறுத்து அம்மியில் அரைப்பர். சின்னவெங்காயமும் கறிவேப்பிலையும் ரம்பையும் தாளித்து, இறைச்சியை அதன் நீரிலேயே வதக்குவர். பின்னர்ச் சிறிதளவு நீர் விட்டுச் சட்டியை மூடி, கவ்வாத்து மிலாறு எரிந்த தணலில் நெடுநேரம் வேகவிடுவர். முதிர்ந்த கோழியின் இறைச்சி விரைவில் மெதுவாவதில்லை. இறுதியிலே தேங்காய்ப்பால் சேரும். உயர்ந்த மலைகளில் தென்னை செழிப்பதில்லையாதலின் தேங்காய் சந்தையில் வாங்கப்படுவது.

இவற்றுள் ரம்பை கருதத்தக்கது. தமிழகத்துச் சிற்றூர்க் குழம்பிற் பொதுவாக இடம்பெறாத அவ்விலை, சிங்கள, முஸ்லிம், மலாயர் அடுக்களைகளில் வழக்கமாயுள்ளது. வறுத்தரைத்த மசாலை அக்கரையிலிருந்து வந்தது; ரம்பை இக்கரையிற் சேர்ந்தது. மலாக்காவில் இத்தகைய கலப்பு இன்னும் ஆழமாக நிகழ்ந்தது. அங்கு குடியேறிய சீன வணிகரின் வழிவந்த பெரனாக்கான் மக்கள், கோழியைப் புளிக்கவைத்த சோயா அவரையுடனும் பனைவெல்லத்துடனும் மெல்ல வேகவைத்து 'அயாம் பொங்தே' என்றனர். தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகளும் மலாய்ச் சுவையைத் தமதாக்கினர். வணிகராய்ச் சென்றோர் உள்ளூரில் மணம் செய்து கலந்தனர். லயத்துள் ஒதுக்கப்பட்ட ஊவாத் தொழிலாளரும், வாய்ப்புக் குறைந்த நிலையிலும், அயலிடமிருந்து ஓர் இலையையேனும் ஏற்றனர் என்பதே ஈண்டுக் கருதற்பாலது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையின் அல்லது பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பிற்குச் சான்று கேட்டது. பத்திரம் இல்லாதோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இம்மண்ணில் வேரூன்றியமைக்குப் பத்திரம் காட்ட இயலாத குடும்பத்தின் கறிச்சட்டியில் அச்சான்று நாள்தோறும் மணந்துகொண்டிருந்தது எனின் மிகையாகாது.

இன்று கடையில் வாங்கும் இறைச்சிக்கோழி அரைமணியில் வெந்துவிடுகின்றது. அம்மியும் அருகி வருகின்றது. மூத்த தாய்மார் நினைவிலுள்ள அளவுகளையும் பக்குவத்தையும் கேட்டெழுதி வைத்தல், தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்துள்ள மாணவர் விரைந்து ஆற்றவேண்டிய பணியாகும். ஏடுகள் சொல்லாததை அவர்களாலேயே சொல்ல முடியும்.