ஆண்ட்ரூ ஜாக்ஸனும் மக்கள் கருத்தும்



சரித்திரத்தில் போர்களின் ஆண்டுகளையும் சட்டங்களின் பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்வது கடினமன்று. ஒரு நாட்டு மக்கள் ஒரு காலத்தில் என்ன எண்ணினார்கள், அந்த எண்ணம் எப்போது மாறிற்று, ஏன் மாறிற்று என்று அறிவதே கடினம். அதிலும், மக்களின் அன்பைப் பெற்ற தலைவர் ஒருவர் மக்களின் பெயரைச் சொல்லியே பொருளாதார மாறுதல்களைச் செய்யும்போது, மக்கள் தீர்ப்பு எப்படிப் பிறக்கிறது என்பது நாம் ஊன்றிக் கற்க வேண்டிய பாடம். அதற்கு நல்ல எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஏழாவது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸனின் வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

ஜாக்ஸன் 1767 இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். 1815 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 8 ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆங்கிலப் படையை முறியடித்து நாடு புகழும் வீரரானார். 1824 ஆம் ஆண்டுத் தேர்தலில் மற்ற வேட்பாளர்களைவிட அதிக வாக்குகள் பெற்றும், அறுதிப் பெரும்பான்மை கிட்டாமையால், பிரதிநிதிகள் சபை ஜான் குவின்ஸி ஆடம்ஸையே ஜனாதிபதியாகத் தேர்ந்தது. மக்கள் அளித்த பதவியை மேலோர் பறித்துக்கொண்டனர் என்ற குமுறல் நாடெங்கும் எழுந்தது. 1828 இல் ஜாக்ஸன் பெருவெற்றி அடைந்தார். மறு ஆண்டு மார்ச்சு 4 ஆம் நாள் அவர் பதவியேற்றபோது எளிய மக்கள் கூட்டம் கூட்டமாக ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். தம்முள் ஒருவரே நாடாள வந்துவிட்டார் என்பது அவர்களுடைய மகிழ்ச்சி.

அவருடைய பொருளாதாரக் கொள்கையின் நடுநாயகம் ஒரு பாங்கைப் பற்றியது. 1816 இல் காங்கிரஸ் சபை இருபது ஆண்டுக் காலத்துக்கு உரிமைப் பட்டயம் அளித்து அமெரிக்க ஐக்கிய நாட்டு இரண்டாம் பாங்கைத் தோற்றுவித்தது. அதன் மூலதனம் 3 கோடியே 50 லட்சம் டாலர். அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசாங்கத்தினுடையது. எஞ்சியது தனியார் பணம். தலைமை நிலையம் பிலடெல்பியா நகரில் இருந்தது. அரசாங்க வருமானம் முழுவதும் அந்தப் பாங்கிலேயே வைக்கப்பட்டது. 1823 முதல் அதை நடத்தியவர் நிக்கொலஸ் பிடில் என்னும் கல்விமான்.

அக்காலத்தில் ஒவ்வொரு மாநிலத்திலும் சிறு பாங்குகள் தத்தம் பெயரில் நோட்டு அச்சிட்டு வெளியிட்டன. பெட்டியில் உள்ள பொன் வெள்ளிக்கு மேல் பன்மடங்கு நோட்டு வெளியாவது வழக்கம். பிடிலின் பாங்கு அந்த நோட்டுகளைச் சேர்த்துவைத்து, உரிய பாங்குகளிடம் நீட்டி, நாணயம் தருமாறு கேட்கும். அதற்கு அஞ்சியே சிறு பாங்குகள் அளவோடு நடந்துகொண்டன. முரட்டுக் குதிரைக்குக் கடிவாளம் போல அது பயன்பட்டது எனலாம். ஆனால் கடிவாளத்தைப் பிடித்த கை தனியார் கை. மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத கை. மேலும், 1819 இல் ஏற்பட்ட பண நெருக்கடியில் அந்தப் பாங்கு கடன்களைத் திடீரென்று திரும்பக் கேட்டதால் மேற்குப் பகுதி உழவர் பலர் நிலம் இழந்தனர். அந்த வடு ஆறவில்லை. ஜாக்ஸனுக்கும் சொந்த அனுபவம் ஒன்றிருந்தது. 1795 இல் நிலம் விற்று, வாங்கியவருடைய கடன் சீட்டுகளை விலையாகப் பெற்றார்; அவர் திவாலாகவே, அச்சீட்டுகளை நம்பி வாங்கிய கடன் ஜாக்ஸனின் தலையில் விழுந்தது. அன்று முதல் காகிதப் பணம் என்றாலே அவருக்குக் கசப்பு.

பட்டயம் முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே, 1832 இல், பிடில் அதைப் புதுப்பிக்க விண்ணப்பித்தார். தேர்தல் ஆண்டில் ஜனாதிபதி மறுக்கத் துணியமாட்டார் என்பது அவருக்குத் துணை நின்ற ஹென்றி கிளேயின் கணக்கு. இரு சபைகளும் மசோதாவை நிறைவேற்றின. ஜூலை 10 ஆம் நாள் ஜாக்ஸன் தம் மறுப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அதனைத் திருப்பி அனுப்பினார். செல்வர்களும் வலியவர்களும் அரசாங்கத்தின் செயல்களைத் தம் நலத்துக்கு வளைத்துக்கொள்கின்றனர் என்றும், பாங்கின் பங்குகளில் 80 லட்சம் டாலருக்கு மேல் அயல்நாட்டார் கையில் உள்ளது என்றும் அவர் எழுதிய மறுப்புரை எளியவர் உள்ளத்தைத் தொட்டது. அதைப் படித்தால் மக்கள் ஜாக்ஸனை வெறுப்பர் என்று நம்பி, பிடிலே அதனை அச்சிட்டுப் பரப்பினார். மக்கள் மனத்தைக் கற்றவர் எவ்வளவு தவறாக அளக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தேர்தலில் ஜாக்ஸன் 219 தேர்வாளர் வாக்குகளும் கிளே 49 வாக்குகளும் பெற்றனர். பாங்கை ஒழிக்க மக்கள் ஆணையிட்டுவிட்டார்கள் என்று ஜாக்ஸன் பொருள் கொண்டார். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். நாட்டு மக்கள் அளித்த வாக்குகளில் அவர் பெற்ற விகிதம் 1828 இல் இருந்ததைவிட 1832 இல் சற்றுக் குறைந்தே இருந்தது. மறுப்புரையை ஏற்றவர் பலர். அதை ஏற்காமலே ஜாக்ஸன் என்ற மனிதருக்காக வாக்களித்தவரும் பலர். வாக்குச் சீட்டில் ஒரு பெயர்தான் எழுதப்படுகிறது. அந்தப் பெயருக்குரியவரின் ஒவ்வொரு கொள்கைக்கும் தனித்தனியே அதில் விடை எழுதப்படுவதில்லை.

அடுத்த ஆண்டு அரசாங்கப் பணத்தைப் பாங்கிலிருந்து விலக்க ஜாக்ஸன் முடிவு செய்தார். நிதி மந்திரி வில்லியம் டுவேன் இணங்கவில்லை. அவரை நீக்கி ராஜர் டானியை அமர்த்தினார். 1833 அக்டோபர் முதல் வரிப்பணம் மாநிலப் பாங்குகள் சிலவற்றுக்குச் சென்றது. எதிர்க்கட்சியார் அவற்றைச் 'செல்லப் பாங்குகள்' என்று எள்ளினர். பிடில் பதிலடியாகக் கடன்களைத் தேவைக்கு மேல் சுருக்கினார். வணிகர்கள் தவித்தனர், தொழிலாளர் வேலை இழந்தனர். மனுக்கள் வாஷிங்டனுக்குக் குவிந்தன. மனுக் கொடுக்க வந்தவர்களைப் பிடிலிடம் போகுமாறு ஜாக்ஸன் கூறினார். 1834 மார்ச்சு 28 ஆம் நாள் செனட் சபை 26க்கு 20 என்ற வாக்கில் ஜனாதிபதியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜாக்ஸனை எதிர்த்தோர் திரண்டு விக் கட்சியை அமைத்தனர்.

அப்போது கருத்து ஜாக்ஸனுக்கு எதிராகத் திரும்பியதுபோல் தோன்றியது. ஆனால், ஒரு தனிப் பாங்கு நினைத்தால் நாட்டையே திணறச் செய்ய முடியும் என்று ஜாக்ஸன் சொன்னதைப் பிடில் தம் செயலாலேயே மெய்ப்பித்துவிட்டார். அவருடைய பென்ஸில்வேனியா மாநிலத்துக் கவர்னரே பாங்கைக் கண்டித்தார். ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை, பட்டயத்தைப் புதுப்பிக்கலாகாது என்று 134க்கு 82 என்ற வாக்கில் தீர்மானித்தது. காற்று மறுபடியும் ஜாக்ஸன் பக்கம் வீசிற்று.

பின்னர் செழிப்பு வந்தது. 1835 ஜனவரியில் நாட்டுக் கடன் முழுவதும் அடைந்தது. பொது நிலங்களின் விற்பனை வருமானம் 1834 இல் 50 லட்சம் டாலருக்கும் குறைவு. 1836 இல் ஏறத்தாழ 2 கோடியே 50 லட்சம். ஜாக்ஸனின் புகழ் உச்சியை எட்டியது. ஆனால் அந்த நிலத்தில் ஒரு பகுதி யாருடையது? கிரீக், சாக்டா, சிக்கசா முதலிய பழங்குடியினரின் தாயகம் அது. 1830 இல் ஜாக்ஸன் கையொப்பமிட்ட வெளியேற்றச் சட்டம் அவர்களை மிஸிஸிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தியது. 1838 இல் செரோக்கி மக்கள் விரட்டப்பட்டபோது வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். புதிய பருத்தி வயல்களில் உழைத்தவர் நீக்ரோ அடிமைகள். பெண்களுக்கும் வாக்கு இல்லை. ஆகவே, அன்றைய அமெரிக்காவில் 'மக்கள் கருத்து' என்று நாம் கூறும்போது, பெரும்பாலும் வெள்ளைநிற ஆடவரின் கருத்தையே கூறுகிறோம். கணக்கில் சேராதவர்களின் கருத்தைத் தேர்தல் எண்கள் நமக்குச் சொல்லா.

கடிவாளம் நீங்கிய பின் நோட்டுகள் பெருகின. நில விலை ஏறியது. காகிதப் பணத்தை வெறுத்தவருடைய ஆட்சியிலேயே காகிதப் பணம் வெள்ளமாய்ப் பெருகியது. இதைத் தடுக்க 1836 ஜூலை 11 ஆம் நாள், அரசாங்க நிலத்துக்குப் பொன் அல்லது வெள்ளியே விலையாகத் தரவேண்டும் என்று ஆணை பிறந்தது. நாணயம் மேற்கு நோக்கி இழுபட்டது. அதே ஆண்டு இங்கிலாந்துப் பாங்கு வட்டியை உயர்த்தியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பருத்தி விலை வீழ்ந்தது. 1837 பிப்ரவரியில் நியூயார்க் மக்கள் உணவு விலையேற்றம் பொறாமல் மாவுக் கிடங்குகளைச் சூறையாடினர். மார்ச்சு 4 ஆம் நாள் ஜாக்ஸன் பதவியினின்று இறங்கினார். அவர் ஆதரித்த மார்ட்டின் வான் பியூரன் ஏறினார். மே 10 ஆம் நாள் நியூயார்க் பாங்குகள் நோட்டுக்கு நாணயம் தருவதை நிறுத்திவிட்டன. இடையில் சிறிது தெளிந்தாலும், துன்பம் 1843 வரை நீடித்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பதவியேற்றுப் பத்து வாரம்கூட நிறையாத வான் பியூரன் மீது பழி முழுதும் விழுந்தது. 1840 ஆம் ஆண்டுத் தேர்தலில் விக் கட்சியார் ஜாக்ஸனின் வழியையே கையாண்டனர். வர்ஜீனியாவில் பெருமாளிகையில் பிறந்த வில்லியம் ஹென்றி ஹாரிஸனை மரக்குடிசையில் வாழும் எளியவராகக் காட்டி ஊர்வலம் வந்தனர். ஹாரிஸன் 234, வான் பியூரன் 60 என்று முடிவு வந்தது. ஜாக்ஸனின் சொந்த மாநிலமாகிய டென்னஸியே அவருடைய கட்சியைக் கைவிட்டது. ஆனால் ஜாக்ஸன் என்ற மனிதர் மீதிருந்த அன்பு மறையவில்லை. 1844 இல் அவருடைய ஆசி பெற்ற ஜேம்ஸ் போல்க் ஜனாதிபதியானார்.

சரித்திர ஆசிரியர்களும் ஒரே தீர்ப்புச் சொல்லவில்லை. 1945 இல் ஆர்தர் ஷ்லெஸிங்கர், செல்வரின் ஆதிக்கத்தை எதிர்த்த மக்களாட்சி வீரராக ஜாக்ஸனைக் கண்டார். 1957 இல் பிரே ஹாமண்ட், நல்லதொரு மத்திய பாங்கை அழித்தவராக அவரைச் சாடினார். 1969 இல் பீட்டர் டெமின், மெக்ஸிகோ வெள்ளியின் வரவும் இங்கிலாந்தின் நிதி நிலையுமே ஏற்றத்துக்கும் வீழ்ச்சிக்கும் பெருங்காரணம் என்று வாதித்தார். நோட்டை வெறுத்த அந்த மனிதரின் உருவத்தையே 1928 இல் அமெரிக்க அரசாங்கம் 20 டாலர் நோட்டில் அச்சிட்டது!

நான் பல்லாண்டுகள் சரித்திரம் கற்பித்தவன். இந்தப் பாடத்தை நடத்தும்போது கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து, ஒரு புறம் சட்டங்களின் ஆண்டுகளையும், மறு புறம் அவற்றின் பயன் மக்கள் வீட்டை எட்டிய ஆண்டுகளையும் எழுதச் சொல்வேன். இரண்டும் ஒரே வரிசையில் அமைவதில்லை. மறுப்புரைக்கும் பெருநெருக்கடிக்கும் இடையே ஐந்து ஆண்டு. அதற்குள் தலைவர் மாறிவிடுகிறார். செழிப்பின் புகழ் முன்னவருக்கும், தாழ்வின் பழி பின்னவருக்கும் போய்ச் சேருகின்றன.

இதனால் மக்கள் அறிவிலிகள் என்று முடிவு கட்டுவது பெருந்தவறு. 1819 இல் நிலம் இழந்த உழவன் பாங்கை ஐயுற்றதில் நியாயம் இருந்தது. 1837 இல் வேலை இழந்த தொழிலாளி ஆட்சியை வெறுத்ததிலும் நியாயம் இருந்தது. தாம் பட்ட துன்பத்தை மக்கள் சரியாகவே அறிவர். அதன் காரணத்தை அறிவதற்குத்தான் கல்வி வேண்டும். நாளை நீங்களும் வாக்காளர் ஆவீர்கள். ஒரு தலைவரை விரும்புகிறோமா என்ற கேள்வி வேறு. அவர் செய்த மாறுதல் நன்மையா என்ற கேள்வி வேறு. இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். பயன் கண்ணுக்குத் தெரியக் காலம் பிடிக்கும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கருத்துக் கேட்கப்படாமல் வெளியே நிற்பவர் யார் என்றும் பாருங்கள். அப்படிப் பார்ப்பவர்கள் பெருகப் பெருக, மக்கள் தீர்ப்பும் காலத்தின் தீர்ப்பும் ஒன்றையொன்று நெருங்கி வரும்.