பழைய முகவரியும் புதிய வீடும்

புத்தளம் மாவட்டத்திலே, முந்தல் களப்பை அடுத்த கடற்கரையில் அமைந்த தமிழூர் உடப்பு. மீன்பிடித்தொழிலும் திரௌபதியம்மன் கோயிலின் தீமிதிப்பும் அதன் பெயரைத் தொலைவிடங்களுக்கும் கொண்டுசென்றன. சிங்கள வழக்கில் அவ்வூர் உடப்புவ ஆகும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முகவரியின் இறுதி வரியிலே ‘சிலோன்’ என்றிருந்தது, 1972 மே 22 இல் ‘ஸ்ரீ லங்கா’ ஆயிற்று. ஆயினும் பழைய பெயரைக் கண்டு தபாற்காரர் மலைத்து நிற்பதில்லை. ஊரை அறிந்தவர் அவர். கடிதத்தை உரிய வாசலிலே சேர்த்துவிடுவார்.

இணையத்திலே அத்தகைய தபாற்காரர் இல்லை. முகவரியில் ஓர் எழுத்து மாறினும் ‘404’ என்னும் எண்ணே விடையாக வரும். தேடிய பக்கம் இல்லை என்பது அதன் பொருள். இக்குறையை முன்னுணர்ந்தே, 1996 இல் வெளியான இணையப் பரிமாற்ற விதிகளில் ‘301’ என்னும் விடையும் இடம்பெற்றது. நிலையாகக் குடிபெயர்ந்தோம், புதிய இருப்பிடம் இதுவென அது அறிவிக்கும். வாசகரின் கருவி தானாகவே அங்கே செல்லும். தற்காலிக மாற்றத்திற்கு ‘302’ உரியது.

தளத்தைத் திருத்தியமைப்போர் சிலர் பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்திற்கே திருப்பிவிடுகின்றனர். வீடு தேடி வந்தவரைச் சந்தியிலே இறக்கிவிட்டுப் போவதற்கு இது ஒப்பாகும். பக்கத்திற்குப் பக்கம் வழிகாட்டுதலே முறை. வலையமைப்பைத் தோற்றுவித்த டிம் பேர்னர்ஸ் லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என 1998 இலேயே எழுதினார்.

நாடே மாறினால் என்ன நேரும்? யூகோசிலாவியாவுக்கு 1989 இல் ‘வையு’ என்னும் ஈரெழுத்து ஈறு வழங்கப்பட்டது. நாடு சிதறியபின் சேர்பியாவும் மொன்டிநீக்ரோவும் தத்தமக்கெனப் புதிய ஈறுகளைப் பெற்றன. 2010 மார்ச் 30 இல் பழைய ஈறு நீக்கப்பட்டது. அதனைத் தாங்கிய முகவரிகள் யாவும் ஒருங்கே செயலிழந்தன. இலங்கைக்கு அத்துன்பம் நேரவில்லை. ‘எல்கே’ என்னும் ஈறு 1990 இலேதான் வந்தது. பெயர் மாற்றமோ அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முந்தியது. திட்டமன்று, காலத்தின் தயவே!

உடப்பு போன்ற சிற்றூரின் வரலாறு சில பக்கங்களிலேயே அடங்கும். அவற்றின் முகவரியை நூலொன்றில் அச்சிட்டபின் திருத்த இயலாது. கடல் கடந்து வாழும் பேரன் அந்நூலைத் திறக்கும் நாள் எந்நாளோ, அறிவார் யார்? ஆகையால், பழைய பெயருக்குரிய ஆண்டுக் கட்டணத்தையும் விடாது செலுத்துதல் வேண்டும். செலுத்தத் தவறினால் அப்பெயரை வேறொருவர் வாங்கலாம்; அப்போது கோயில் வரலாற்றைத் தேடி வந்தவர் வணிக விளம்பரத்தின் முன்னே நிற்பார்.