மக்கட்பெயர் ஆக்கம்: இயற்பெயரும் சிறப்புப்பெயரும்

பெற்றோர் தம் மக்கட்கு முன்னர் எவரும் வழங்காத புதுப்பெயரைப் படைத்து இடுதல் தகுமா என்னும் வினா இந்நாளில் பலர் நாவிலும் உலவுகின்றது. மரபைப் போற்றுவோர் தகாது என்பர். புதுமையை விரும்புவோர் அது பெற்றோர் உரிமை என்பர். இரு திறத்தாரும் தமிழர் பெயர் வரலாற்றையே தமக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். ஆதலின் அவ்வரலாறு உண்மையில் யாது கூறுகின்றது என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கணம் காட்டும் வேறுபாடு

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் பெயரியல் எனத் தனியே ஓர் இயல் வகுத்தார். விரவுப்பெயர்களை எண்ணுமிடத்து இயற்பெயரை முதற்கண் வைத்தார். கிளவியாக்கத்தில், ஒருவர்க்குச் சிறப்பினால் வந்த பெயரும் இயற்பெயரும் ஒருங்கு வருங்கால் இயற்பெயரை முற்படக் கூறுதல் மரபன்று என்றும் விதித்தார். இவ்விதிக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுக்களுள் 'ஏனாதி நல்லுதடன்' என்பது ஒன்று. இதன்கண் ஏனாதி என்பது வேந்தனால் வந்த சிறப்பு; நல்லுதடன் என்பது பெற்றோர் இட்ட பெயர். பிறந்த ஞான்று பெறும் பெயர் வேறு, வாழ்ந்து பெறும் பெயர் வேறு என்னும் தெளிவு தொல்காப்பியர் காலத்திலேயே இருந்தது என்பது இதனாற் போதரும். இவ்வேறுபாடே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

அக்கால இயற்பெயர்கள் எத்தகையன? எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியல் இதற்கு விடை தருகின்றது. ஆதன், பூதன் என்னும் பெயர்களின்முன் தந்தை என்னும் முறைப்பெயர் வரின், அவை ஆந்தை, பூந்தை என முடியும் என்பது ஆண்டுக் கூறப்படும் விதி. இரண்டே பெயர்க்கெனத் தனியே புணர்ச்சி விதி கூறவேண்டின், அவை எத்துணைப் பெருவழக்கின ஆதல் வேண்டும்! பிசிராந்தையார் என்னும் புலவர் பெயரும் இவ்விதியால் விளங்கும். கீழடி அகழாய்வில் கிடைத்த பானையோடுகளில் ஆதன் என்னும் பெயர் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கரூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டிலோ அதே பெயர் ஆதன் செல்லிரும்பொறை என்னும் சேர வேந்தன் பெயரில் நிற்கின்றது. பானைக்கு உரியவனும் நாட்டுக்கு உரியவனும் ஆதன் என்னும் ஒரு பெயரையே தாங்கினர். வேந்தனைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டியது அதனோடு சேர்ந்த சிறப்புப்பெயரே என்க.

பெயரன் என்னும் சொல்லும் ஈண்டு நினையத்தக்கது. பாட்டன் பெயரைத் தாங்குவோன் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று. ஒரு குடியிற் சில பெயர்களே தலைமுறைதோறும் மீண்டும் மீண்டும் வந்தன என்பதற்கு இச்சொல்லே சான்றாகும்.

2. வாழ்வால் வந்த பெயர்கள்

இயற்பெயர்கள் சிலவாயினும், சங்க நூல்களில் வியத்தகு பெயர்கள் பல உள. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயர்களைப் புதுப்பெயர் விரும்புவோர் பெரிதும் எடுத்துக்காட்டுவர். ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் பெற்றோர் இட்டதன்று. இயற்பெயர் மறைந்துபோன புலவர்க்கு, அவர்தம் பாட்டில் அமைந்த அரிய தொடர்களே பெயராயின. பாட்டு முன்னது, பெயர் பின்னது. தொட்டிலில் கிடந்த மகவைச் செம்புலப் பெயனீர் என எவரும் அழைத்திலர்.

சோழர் காலத்தும் இந்நிலையே காணப்படுகின்றது. அருண்மொழி என்னும் இளவரசன் அரியணை ஏறி இராசராசன் ஆனான்; அவன் மகன் மதுராந்தகன் இராசேந்திரன் ஆனான். இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்கள் சோழர்க்கு ஒருவர்விட்டு ஒருவராக வழங்கின. அலுவலர் பலர் மூவேந்தவேளான் என முடியும் பட்டங்களை வேந்தன்பாற் பெற்றனர். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகிய மூவர் சோழர் கல்வெட்டுப் பெயர்களைத் தொகுத்து 1978இல் வெளியிட்ட அடைவு இத்துறை ஆய்வார்க்குப் பெருந்துணையாகும். இயற்பெயரோடு பட்டங்களையும் ஒருங்கு நோக்கினாலன்றிக் கல்வெட்டு மாந்தரை இனங்காணல் இயலாது என்பதை அதனைப் பயில்வோர் அறிவர்.

3. பெற்றோர் கருத்தைச் சுமந்த பெயர்கள்

அங்ஙனமாயின், பெற்றோரே வழக்கொடு மாறுபட்டுப் பெயரிட்டது முற்றும் இல்லையோ எனின், உண்டு. முன் பிறந்த மக்கள் இறந்துபட்டவிடத்து, அடுத்துப் பிறந்த மகவைக் குப்பையிற் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் எனப் பெயரிடுவதும், பிச்சை என அழைப்பதும் தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். இழிந்த பெயருடையதைக் கூற்றுவன் விரும்பான் என்பது நம்பிக்கை. எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தி (1900–1976) இயற்பெயரால் வேங்கட மகாலிங்கம். பிச்சை என்னும் பெயர் அவர்க்கு இவ்வழக்கத்தால் வந்ததே. இப்பெயர்களில் இழிவு புறத்தது, அன்பு அகத்தது.

போதும்பொண்ணு, வேண்டாம் என்னும் பெயர்களோ அத்தகையன அல்ல. பெண்மக்களே தொடர்ந்து பிறந்த வீடுகளில், அடுத்தது ஆண்மகவாதல் வேண்டும் என்னும் வேட்கையால் அவை இடப்பட்டன. தெய்வத்துக்கு விடுத்த செய்தியைச் சுமந்தவள் அப்பெண். பள்ளியில் வருகை அழைக்கப்படும்போதெல்லாம் தான் வேண்டப்படாதவள் என்பதை அவள் கேட்டல் வேண்டும். பெயர் பெற்றோர் கருத்தை உலகுக்கு அறிவிக்கும் கருவியாயின் விளையும் தீங்கிற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

மரபுப் பெயர்களும் குற்றமற்றன எனக் கூறுதற்கில்லை. பெயரைக் கேட்ட அளவில் சாதியை உய்த்துணரும் நிலை ஊர்தோறும் இருந்தது. மரபைக் காத்தல் என்பது சிலர்க்குத் தாழ்வைக் காத்தலாகவும் முடிந்தது என்பதை மறத்தல் ஆகாது.

4. இருபதாம் நூற்றாண்டின் புத்தாக்கம்

தனித்தமிழ் உணர்ச்சி பெயர் வரலாற்றில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிற்று. வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903) தம் பெயரைப் பரிதிமாற் கலைஞன் எனத் தமிழாக்கினார். வேதாசலம் என்னும் பெயரை 1916இல் மறைமலை என மாற்றிய அடிகளார் (1876–1950), தம் மக்கள் பெயர்களையும் மாற்றினார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆயிற்று. மாணிக்கவாசகம் மணிமொழி ஆயிற்று. சுந்தரமூர்த்தி அழகுரு ஆயிற்று. திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆயிற்று. திருநாவுக்கரசு என்பது தமிழாகவே இருந்தமையின் மாறாது நின்றது.

இவற்றின் பின்னை வரலாறு நுணுகி நோக்கத்தக்கது. மணிமொழி என்பது தமிழ்நாடெங்கும் பரவி இன்றும் வழங்குகின்றது. அறிவுத்தொடர்பு, முந்நகரழகி என்பன அவ்வாறு பரவவில்லை. நான்கும் ஒருவரே ஒரே நோக்கத்தால் ஆக்கியன. நான்கும் தூய தமிழ். அங்ஙனமிருக்க இவ்வேறுபாடு எற்றால் எனின், அறிவுத்தொடர்பு என்பது மூலப்பெயரை அறிந்தார்க்கே பொருள் விளங்கும் மொழிபெயர்ப்பு. மணிமொழி என்பது மூலத்தை அறியாதார்க்கும் இனிமையும் பொருளும் தருவது. விளிக்குங்கால் பெயராக ஒலிப்பதும் அதுவே.

தன்மதிப்பு இயக்கத்தின் தொண்டும் பெரிது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு சாதிப்பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். நெடுஞ்செழியன் என்பது அந்நாளில் பலர்க்குப் புதிதாகத் தோன்றியிருப்பினும், மாங்குளத்துக் கல்வெட்டிற் பொறிக்கப்பட்ட பழம்பெயரே. இராசமாணிக்கம் என்பார் சங்கப் புலவர் பெயரை ஏற்றுப் பெருஞ்சித்திரனார் (1933–1995) ஆனார். தமிழ்ச்செல்வன், அறிவழகன் போன்ற பெயர்கள் எக்குடியிற் பிறந்தார்க்கும் பொதுவாயின. பெயரளவிலேனும் சாதி அடையாளம் மறைந்தது. புதுப்பெயர் தீது என்பார் இந்நன்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனினும் ஓர் உண்மை புலனாகின்றது. பரிதிமாற் கலைஞரும் மறைமலையடிகளும் நெடுஞ்செழியனும் அன்பழகனும் பெருஞ்சித்திரனாரும் தாமே தேர்ந்து அப்பெயர்களை ஏற்றவர். அவை இயற்பெயரின் இடத்தைக் கொண்டனவேனும், தன்மையால் சிறப்புப்பெயரை ஒத்தனவே. அயல்நாட்டார் பெயரைப் பெற்றோர் இட்டதற்கு, 1953 மார்ச்சு 1இல் பிறந்து, அதே மாதம் 5இல் மறைந்த சோவியத்துத் தலைவர் பெயரைப் பெற்ற மு. க. ஸ்டாலின் சான்றாவார். அத்தகைய பெயர்கள் பெற்றோரின் கொள்கையையும் காலத்தையும் காட்டும் ஆவணங்களாகும்.

5. இக்கால நிலை

இந்நாளில் படைக்கப்படும் பெயர்கள் பல வேறு வகையின. பிறந்த நாண்மீனுக்கு உரிய எழுத்து முதலில் நிற்றல் வேண்டும். எண்கணிதக் கூட்டுத்தொகை பொருந்துதல் வேண்டும். வேறெவர்க்கும் அப்பெயர் இருத்தலாகாது. இம்மூன்றிற்கும் இயைய ஒலிகள் கோக்கப்படுகின்றன. அக்கூட்டல் பெரிதும் ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு செய்யப்படுதலின், பெயரின் தமிழ் வடிவம் கணக்கிலேயே வருவதில்லை. இவற்றை நன்னூலார் கூறும் இடுகுறிப்பெயர் எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. இடுகுறியாவது முன்னோர் இட்டுப் பலரும் வழங்கி வந்தது. ஒருவர் தனித்து ஆக்கிய பொருளற்ற ஒலிக்கோவைக்கு அவ்வழக்காற்று வலி இல்லை.

மற்றொன்றும் கருதற்பாலது. பண்டு ஒருவன் பெயர் ஊரார் நாவில் இருந்தது. வழக்கு மாறின் பெயரும் மாறும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் பின், பெயர் பதிவேட்டில் நிலைபெறுகின்றது. பின்னர் அதனை மாற்றுதற்கு அரசிதழ் அறிவிப்பும், சான்றுதோறும் திருத்தமும் வேண்டும். மாற்றுதல் அரிதாகியுள்ள இக்காலத்தில், இடுவோர் பொறுப்பு முன்னையினும் மிகுந்துள்ளது.

6. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால் மூன்று பெறப்படும். புதுப்பெயர் ஆக்கம் தமிழ் மரபுக்கு மாறானதன்று. பெயர்த்தொகுதி காலந்தோறும் புதுக்கப்பட்டே வந்துள்ளது. நிலைத்த ஆக்கங்கள், கேட்டார்க்குப் பொருள் விளங்குவனவும் அழைத்தற்கு எளியனவுமாகிய வழக்குச் சொற்களால் அமைந்தவை. தனித்தன்மை வாய்ந்த அரும்பெயர்கள் பெரும்பாலும் உடையாரே தேர்ந்தன, அல்லது அவர்தம் செயலால் வந்தன.

ஆகவே பெற்றோர் புதுப்பெயர் இடலாம். அப்பெயர் தாங்குவோன் அதனை வாழ்நாள் முழுதும் பிறர்க்கு விளக்கிக்கொண்டிருக்கும் நிலை வாராமை வேண்டும். பெற்றோரின் வேட்கையையோ வெறுப்பையோ அது சுமவாமை வேண்டும். ஒருவரைப் பிறரினின்றும் வேறுபடுத்திக் காட்டும் பணியைத் தொல்காப்பியர் காலத் தமிழர் சிறப்புப்பெயர்க்கு விட்டனர். அதனைத் தேடிக்கொள்ளும் இடத்தை மக்கட்கு விட்டுவைத்தல் இன்றைய பெற்றோர்க்கும் தகும்.