பி.டி. வாத்தியார்களுக்கு ஒரு வாத்தியார்

நம்மில் எத்தனை பேருக்குப் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியாரின் பெயர் ஞாபகம் இருக்கிறது? கணக்கு சார், தமிழ் ஐயா, சயின்ஸ் டீச்சர் பெயரெல்லாம் டக்கென்று வந்துவிடும். பி.டி. சார் மட்டும் கடைசிவரை பி.டி. சார்தான். கல்லூரிக்கு வந்தால் அதே வேலையைப் பார்ப்பவர் 'பிசிக்கல் டைரக்டர்'. அவரும் சுருக்கமாக பி.டி.தான். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை :-)

விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் எந்தக் கல்லூரி மைதானத்துக்குப் போனாலும் இந்த ஒரே மனிதர்தான் வாலிபாலுக்கு நெட் கட்டுவார், நூறு மீட்டருக்கு விசில் ஊதுவார், குண்டு எறிதலுக்கு டேப் பிடிப்பார். ஓட்டத்துக்கு ஒருவர், எறிதலுக்கு ஒருவர் என்று தனித்தனி கோச் வைக்கும் வழக்கம் நம்மிடம் கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'த்ரோஸ் கோச்' என்பது ஒரு தனி உத்தியோகம். குண்டு, வட்டு, ஈட்டி, சங்கிலிக்குண்டு இந்த நாலு மட்டும்தான் அவர் வேலை. அதிலேயே முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெறுகிறவர்களும் உண்டு.

நம்மிடம் அது ஏன் இல்லை என்று தேடப் போனால், கதை நூறு வருடம் பின்னால் போய் ஒரு அமெரிக்கரிடமே நிற்கிறது. அவர் பெயர் ஹாரி குரோ பக்.

டிரில் மாஸ்டர் காலம்

பக் வருவதற்கு முன்னால் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். வரிசையில் நில், இடது வலது, கையைத் தூக்கு, இறக்கு. அவ்வளவுதான். மற்ற ஆசிரியர்கள் அவரைத் தங்களில் ஒருவராக நினைத்ததும் இல்லை. இந்த வேலைக்குப் படிப்பு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பக் 1884ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். படித்தது ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். 1891ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தாரே, அதே பள்ளிதான். உடம்பு, மனம், ஆன்மா மூன்றையும் சேர்த்து வளர்ப்பதுதான் கல்வி என்பது அவர்கள் கொள்கை. ஒய்.எம்.சி.ஏ. சின்னத்தில் உள்ள முக்கோணத்தின் அர்த்தமும் அதுதான்.

1908லேயே ஜே.எச்.கிரே என்பவர் கல்கத்தாவுக்கு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி இயக்குநராக வந்துவிட்டார். பக் சென்னைக்கு வந்தது 1919ல். வந்த மறு வருடமே, 1920ல், ஆசிரியர்களுக்கு உடற்கல்வி கற்றுக்கொடுக்க ஒரு பள்ளியை ஆரம்பித்தார். கைவிரல் விட்டு எண்ணிவிடக்கூடிய மாணவர்களோடு தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் அடையாற்றின் பக்கம் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி இதுதான் என்று சொல்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக் நினைத்திருந்தால் நாலு நல்ல வீரர்களைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, கோப்பை வாங்கிப் பெயர் எடுத்திருக்கலாம். அவர் வீரர்களை உருவாக்க வரவில்லை, வாத்தியார்களை உருவாக்க வந்தார். ஒரு வாத்தியார் ஒரு ஊருக்குப் போனால் வருடத்துக்கு ஐநூறு பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பது அவர் கணக்கு.

பாரிஸ் 1924

அதற்காக அவருக்குப் போட்டிகள் மேல் அக்கறை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணிக்கு மேலாளர் பக்தான். அந்த அணியில் சென்னையிலிருந்து சி.கே.லட்சுமணன் 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடினார். முதல் சுற்றோடு சரி. (அவர் பிறகு டாக்டராகி, நாட்டின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் பதவி வரை போனார்.)

பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். பக்கும், இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.காரரான நோரன் என்பவரும் நாடு முழுக்கச் சுற்றி மாகாணம் மாகாணமாக ஒலிம்பிக் சங்கங்கள் அமைக்க உதவினார்கள். அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் 1927ல் டோராப்ஜி டாடா தலைமையில் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. பக் விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார். ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் கையில் இருந்தால் யாரையும் கேட்காமல் போட்டி நடத்திவிடலாம்.

1943ல் இறக்கும்வரை அவர் சென்னையிலேயே இருந்தார். 24 வருட உழைப்பு.

எறிதல் மட்டும் எங்கே போச்சு?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

40 நிமிட வகுப்பு, 40 மாணவர்கள். இரண்டு வாலிபால் கோர்ட் இருந்தால் 24 பேர் ஒரே நேரத்தில் விளையாடலாம். மிச்சப் பேரை மாற்றி மாற்றி இறக்கினால் எல்லாருக்கும் நல்ல விளையாட்டு. இரண்டு பந்து, இரண்டு நெட், ஒரு விசில் போதும்.

அதே வகுப்பில் குண்டு எறியச் சொன்னால்? 2.135 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். அவர் எறிந்து, குண்டு விழுந்து, அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பேருக்கு ஆளுக்கு ஒரே ஒரு எறி. மீதி 39 நிமிடம் வேடிக்கை. வட்டு, சங்கிலிக்குண்டு என்றால் வலைக்கூண்டு வேறு வேண்டும். ஈட்டி என்றால் எதிரே ஆள் நடமாட்டமே இருக்கக்கூடாது.

செலவையும் ஆபத்தையும் விடுங்கள். எறிதலைக் கற்றுக்கொடுப்பதே வேறு மாதிரி வேலை. பார்ப்பவர்களுக்குக் கை எறிவது போலத் தெரியும். உண்மையில் எறிவது கால். தரையிலிருந்து கிளம்பும் விசை இடுப்பு, மார்பு, தோள் வழியாக ஏறி, கடைசியில்தான் விரலுக்கு வருகிறது. இத்தனையும் ஓரிரண்டு நொடியில் முடிந்துவிடும். இடுப்பு திரும்புவதற்கு முன்னால் தோள் திரும்பிவிட்டால் அந்த விசை பாதியிலேயே போயிற்று. ஆனால் எறிபவருக்குத் தன் தவறு தெரியாது. பக்கத்தில் நின்று பார்க்கும் இன்னொருவர் கண்ணுக்குத்தான் தெரியும். அந்தக் கண் பழக வருடக் கணக்காகும்.

அதாவது பக் வகுத்த வழி எல்லாரையும் விளையாட வைப்பது. எறிதல் கேட்பதோ ஒருவர் மேல் ஒருவர் கண் வைப்பது. இரண்டும் எதிரெதிர் திசை. பக் வழிவந்த வாத்தியார்கள் நம் ஊர் முழுக்க வாலிபால், கூடைப்பந்து, கபடியைப் பரப்பினார்கள். எறிதல் விளையாட்டு விழா நாளில் மட்டும் எட்டிப்பார்க்கும் விருந்தாளியாகிவிட்டது. இது பக்கின் குற்றம் இல்லை என்பது என் கருத்து. டிரில் மட்டுமே இருந்த நாட்டில் எல்லாரையும் விளையாட வைப்பதுதான் முதல் வேலை.

இரண்டாவது பரம்பரை

தனித்தனி விளையாட்டுக்குத் தனித்தனி கோச் என்ற இரண்டாவது பரம்பரை 1961ல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்த பிறகுதான் இந்தியாவில் வேர் விட்டது. 'என்.ஐ.எஸ். கோச்' என்று நாம் சொல்வது அங்கே டிப்ளமா முடித்தவர்களைத்தான்.

எறிதலில் இந்தியாவின் பழைய பெயர்களைப் பாருங்கள். 1954 மணிலா ஆசிய விளையாட்டில் குண்டு, வட்டு இரண்டிலும் தங்கம் வாங்கிய பர்துமன் சிங். 1966லும் 1970லும் வட்டு எறிதலில் தங்கம் வாங்கிய பிரவீன் குமார் (டி.வி. மகாபாரதத்தில் பீமனாக வந்தவரேதான்!). 1978லும் 1982லும் குண்டு எறிதலில் தங்கம் வாங்கிய பகதூர் சிங். எல்லாருமே பஞ்சாப்காரர்கள். பாட்டியாலா நிறுவனம் வரும் முன்பே அங்கே எறிதல் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் பகதூர் சிங் போன்றவர் ஆடி முடித்ததும் காணாமல் போகவில்லை. கோச் ஆகி, இந்தியத் தடகள அணியின் தலைமைப் பயிற்சியாளராகவே பல வருடம் இருந்தார். எறிந்தவர் எறியக் கற்றுக்கொடுக்க மைதானத்திலேயே தங்கினார் என்பதுதான் விஷயம்.

நீரஜ் சோப்ரா கதையும் இதைத்தான் சொல்கிறது. பானிபட்டில் ஒரு சீனியர் வீரர் கையைப் பிடித்துத் தொடங்கி வைத்தார். பிறகு கேரி கால்வர்ட், அப்புறம் ஊவே ஹோன் (1984ல் 104.80 மீட்டர் எறிந்தவர்), அப்புறம் உடல் இயக்கவியல் நிபுணரான கிளாஸ் பார்டோனியட்ஸ். இத்தனை கண்கள் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் 2021 டோக்கியோவில் 87.58 மீட்டரும் தங்கமும் வந்தது.

நம் ஊருக்கு என்ன?

பக் சென்னையில் பள்ளி தொடங்கிய அதே காலத்தில் நம் சிவகாசியிலும் ஒரு விஷயம் நடந்தது. எல்லாருக்கும் தெரிந்த கதைதான். 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923ல் திரும்பி வந்து இங்கே தொடங்கினார்கள். இரண்டு பேர் கற்று வந்ததை ஊரே கற்றுக்கொண்டது. பிறகு அதே ஊர் பட்டாசுக்கும் அச்சுக்கும் போனது.

எறிதலுக்கும் அப்படி இரண்டு பேர் போதும் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு கல்லூரியும் தனி எறிதல் கோச் வைக்க வசதி இல்லை, புரிகிறது. ஆனால் மாவட்டத்துக்கு ஒருவர் இருக்கலாமே! திங்கள் விருதுநகர், செவ்வாய் சிவகாசி, புதன் ராஜபாளையம் என்று சுற்றி வரலாம். பாட்டியாலாவோ, அதன் தென்மண்டல மையம் இருக்கும் பெங்களூரோ போய்ப் படித்து வர ஒரு பழைய வீரருக்குக் கல்லூரிகள் சேர்ந்து பணம் கட்டலாம். கடைக்காரர்கள் மகமை வைத்துப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர் இது. கூட்டாகச் செலவு செய்வது நமக்குப் புதிதில்லை.

இதில் பாதிக்கப்படுவது யார் என்றும் யோசிக்க வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சீட், ஒரு ரயில்வே வேலை, ஒரு போலீஸ் வேலை என்பது தீப்பெட்டி, பட்டாசு ஆலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை. ஓடத் தெரிந்த பிள்ளையை ஸ்டாப்வாட்ச் காட்டிக்கொடுத்துவிடும். எறியத் தெரிந்த பிள்ளையை, தெரிந்த கண் ஒன்று பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தக் கண் இல்லாத ஊரில் அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சில் 'குண்டு' என்று பட்டப்பெயர் வாங்கிக்கொண்டு படிப்பை முடித்துவிடுகிறது.

பக் முதல் பாதி வேலையை 1943க்குள் முடித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது பாதி இன்னும் பாக்கி இருக்கிறது.