ஊர்ப் பெயர் உதிர்ந்த அணிகள்: வேல்ஸ் ரக்பியின் முப்பது ஆண்டுகள்

பெயர்களின் வழியே வரலாற்றைப் படிப்பது மொழியியல் பயின்றவர்களின் பழக்கம். வேல்ஸ் நாட்டுத் தொழில்முறை ரக்பியின் நிதிச் சிக்கல்களைப் படித்தபோது, அணிகளின் பெயர்மாற்றங்களும் அதே கதையைச் சொல்வதாகத் தோன்றியது. அதை இங்கே பதிவுசெய்கிறேன்.

1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளரின் கூலி இழப்பை ஈடுசெய்ய வேண்டும் எனக் கோரிப் பிரிந்தன. அந்தப் பிரிவே பின்னாளில் ரக்பி லீக் ஆயிற்று. வேல்ஸ், ஊதியமற்ற பழைய ஆட்டத்திலேயே நின்றது. நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் பள்ளி ஆசிரியர்களும் ஊர்க் கழகங்களும் உருவாக்கிய வீரர்கள், வருமானம் தேடி லீக் ஆட்டத்துக்குச் சென்றனர். ‘வடக்கே போதல்’ என்பது அங்கு ஒரு மரபுத்தொடராகவே நிலைத்தது. 1967இல் டேவிட் வாட்கின்ஸ் போனார். 1989இல் ஜொனாதன் டேவிஸ் போனார். போனவர்க்குப் பழைய ஆட்டத்தில் மீண்டும் இடமில்லை. வளர்த்தது ஓர் ஊர். பயன்பெற்றது வேறோர் ஊர்.

1995 ஆகஸ்டில் ஊதியத் தடை நீங்கியது. ஆனால், ஏறத்தாழ 30 இலட்சம் மக்களே வாழும் நாட்டால் ஒன்பது முதல்தரக் கழகங்களின் ஊதியச் சுமையைத் தாங்க இயலவில்லை. 2003இல் டேவிட் மொஃபெட் தலைமைச் செயல் அலுவலராக இருந்தபோது, வேல்ஸ் ரக்பி ஒன்றியம் தொழில்முறை ஆட்டத்தை ஐந்து மண்டல அணிகளுக்குள் சுருக்கியது. கார்டிஃப் ப்ளூஸ், லனெல்லி ஸ்கார்லெட்ஸ், நீத்–ஸ்வான்சீ ஆஸ்ப்ரேஸ், நியூபோர்ட் க்வென்ட் டிராகன்ஸ் ஆகிய நான்கு பெயர்களிலும் இடம் உண்டு. பாண்டிபிரீத், பிரிட்ஜெண்ட் கழகங்கள் இணைந்த ஐந்தாவது அணியின் பெயர் கெல்டிக் வாரியர்ஸ். அதில் எந்த ஊரும் இல்லை.

அவ்வணி ஒரே ஒரு பருவம்தான் ஆடியது. 2004இல் ஒன்றியமே அதைக் கலைத்தது. பன்னாட்டு ஆட்டங்களில் 1,000 புள்ளிகளைக் கடந்த முதல் வீரரான நீல் ஜென்கின்ஸைத் தந்த பாண்டிபிரீத், தனக்கென ஒரு தொழில்முறை அணி இல்லாத ஊராயிற்று. அணி அழிந்தது பெயரால் அன்று, பணமுடையால். எனினும், வீரர்கள் விளைந்த நிலத்துக்கும் நிதி பாய்ந்த வாய்க்காலுக்கும் இடையே விழுந்த விரிசல் அங்கேதான் தொடங்கியது என்பது என் வாசிப்பு.

எஞ்சிய பெயர்களும் மாறின. ஆஸ்ப்ரேஸ் 2005இலும், ஸ்கார்லெட்ஸ் 2008இலும், டிராகன்ஸ் 2017இலும் இடப்பெயரை உதிர்த்தன. மண்டலம் முழுவதும் தன்னுடையதாகக் கொள்ளட்டும் என்பது நோக்கம். எல்லோருக்கும் உரியது எவருக்கும் உரியதாகாமல் போகும் ஆபத்தும் அதில் இருந்தது. கார்டிஃப் மட்டும் 2021இல் ‘ப்ளூஸ்’ என்பதை விட்டு, நகரின் பெயரைத் தக்கவைத்துக்கொண்டது.

இதே காலத்தில் தேசிய அணி 2005, 2008, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் கிராண்ட் ஸ்லாம் வென்றது. அவ்வெற்றிகள் அடித்தளத்தின் நலிவை மறைத்தன. மண்டல அணிகள் ஒன்றியத்தின் ஒதுக்கீட்டை நம்பியே வாழ்ந்தன. ஒதுக்கீடு குறித்த பூசல் 2014 உடன்படிக்கை வரை நீண்டது. 60 பன்னாட்டு ஆட்டங்களை எட்டாதவர் வெளிநாட்டுக் கழகத்தில் சேர்ந்தால் தேசிய அணியில் இடமில்லை என்று 2017இல் விதி வந்தது. வடக்கே போனவர்க்கு முன்பிருந்த தடையின் மறுபிறப்பு அது. 2023 பிப்ரவரியில், ஒப்பந்தங்கள் உறுதியாகாத நிலையில், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தைப் புறக்கணிக்கப்போவதாக வீரர்கள் எச்சரித்தனர். அதன் பின்னரே 60 என்பது 25 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு தொடங்கிய தோல்வித் தொடர், 2025 ஜூலையில் ஜப்பானை வெல்லும் வரை 18 ஆட்டங்கள் நீண்டது. 2025 ஏப்ரலில் கார்டிஃப் அணி நொடித்துப்போக, ஒன்றியமே அதை வாங்கியது. அவ்வாண்டு அக்டோபரில், நான்கு அணிகளை மூன்றாக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது.

அயர்லாந்திலும் நிதி மையத்தில்தான் குவிகிறது. ஆனால் அங்குள்ள அல்ஸ்டர், மன்ஸ்டர், லெய்ன்ஸ்டர், கொனாக்ட் ஆகியவை தொழில்முறைக்கு நெடுங்காலம் முன்பே மக்கள் நாவில் வழங்கிய மாகாணப் பெயர்கள். வேல்ஸோ, வரைபடத்தை முதலில் வரைந்துவிட்டுப் பற்றைப் பிறகு தேடியது.

அணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் ஓர் அணிக்குக் கிடைக்கும் நிதி கூடும், கணக்கில் பிழையில்லை. ஆனால் அடுத்த நீல் ஜென்கின்ஸ் பிறக்கும் ஊரில், அவனை அழைத்துச் சென்று பந்தைக் கையில் கொடுக்க ஓர் அணி இருக்குமா? 2003இல் போதிய அளவு எழுப்பப்படாத இக்கேள்வி, மீண்டும் விடையின்றி நிற்கிறது. மையப்படுத்தலையும் வட்டார அடையாளத்தையும் ஆராயும் நண்பர்கள், பிற துறைகளில் இதற்கு ஒப்பான சான்றுகள் இருந்தால் பகிருங்கள்.